பழைய மசில் காருக்கு ஏர் ஃபில்டரும் இன்டேக்கும் மாற்றுவது எப்படி: கார்ப்ரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

அமெரிக்காவில் பழைய கமாரோ, செவெல், நோவா என்று ஒரு செவர்லே மசில் கார் (பெரிய இன்ஜின் போட்ட பழைய வேக வண்டி) வாங்கியவர்கள் முதல் மாதத்தில் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். பளபளவென்று குரோம் மூடி போட்ட ஏர் ஃபில்டர். விலை குறைவு, ஒரு விங் நட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது, பானெட்டைத் திறந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். சத்தமும் கூடும். சத்தம் கூடினால் வேகமும் கூடியது போல மனசுக்குத் தோன்றும். பணம் வீணாவது அங்கேதான்.

ஃபில்டர் மாற்றுவதால் பலன் இல்லை என்று சொல்லவில்லை. பழையது காற்றைத் தடுத்துக்கொண்டிருந்தால் பலன் உண்டு, தடுக்காவிட்டால் இல்லை. அதனால் வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். அளக்க ஆகும் செலவு ஒரு பிளாஸ்டிக் குழாயின் விலைதான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர் செவர்லே ஸ்மால் பிளாக் வி8. 1967 கமாரோவில் முதலில் வந்த இன்ஜின் இது. பாகங்கள் எங்கும் கிடைக்கும். ஃபோர்டோ மோபாரோ (கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகள்) வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வேண்டும்

நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் முழுக் கொள்ளளவை நிரப்பும். 5.7 லிட்டரில் பாதி, நிமிடத்துக்கு 5500 சுற்று என்று பெருக்கினால் 15,700 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சாதாரணத் தெரு இன்ஜின் அதில் 85 சதவீதம் நிரப்பினாலே நல்லது. ஆக, நிமிடத்துக்குச் சுமார் 13,300 லிட்டர். மொட்டை மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் பதின்மூன்றை ஒரு நிமிடத்தில் உறிஞ்சிக் காலி செய்வது போல. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தருவது கார்ப்ரேட்டர். அதன் உலகத்தின் கணக்கில் இது 470 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 470 கன அடி. தெருவில் ஓடும் 350-க்கு 600 சி.எஃப்.எம். கார்ப்ரேட்டரே போதும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து விளம்பரங்களில் வரும் குதிரைத்திறன் எண்கள் ‘கிராஸ்’ கணக்கு. இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் கிளீனர் (ஃபில்டர் பெட்டி) இல்லாமல், காரில் இருக்கும் சைலன்சர் இல்லாமல் அளந்த எண். காரில் இருப்பது போல அவற்றோடு சேர்த்து அளந்தால் ‘நெட்’. 1971 மாடலில் செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு கணக்கையும் சேர்த்தே வெளியிட்டது. அந்த வருட எல்டி-1 என்ற வேக ரக 350-க்கு கிராஸில் 330, நெட்டில் 275. 1972-லிருந்து நெட் மட்டும்தான். ஆகவே காகிதத்தில் இருக்கும் எண்ணுக்கும் உங்கள் காருக்கும் இடையில் உள்ள தூரத்தை ஒரு ஃபில்டரால் கடந்துவிட முடியாது. அந்த இழப்பில் ஃபில்டர் பெட்டியின் பங்கு ஒரு பகுதிதான்.

முதலில் அளந்து பாருங்கள்

தேவையானவை: கால் அங்குல ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் பத்துப் பன்னிரண்டு அடி, ஒரு பலகை, ஒரு ஸ்கேல், கலர் கலந்த தண்ணீர்.

குழாயைப் பலகையில் ‘ப’ எழுத்தைப் போல வளைத்துக் கட்டுங்கள். வளைவு கீழே, இரண்டு முனையும் மேலே. ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். பாதிவரை தண்ணீர் ஊற்றினால் இரண்டு பக்கமும் சம மட்டத்தில் நிற்கும். ஏர் கிளீனரின் அடித்தட்டை வண்டியிலிருந்து கழற்றி எடுத்து வந்து, ஃபில்டர் வளையத்துக்கு உள்பக்கம் வரும் இடத்தில் ஒரு சிறு துளை போடுங்கள். வண்டியில் இருக்கும்போதே துளைத்தால் இரும்புத்தூள் நேராகக் கார்ப்ரேட்டருக்குள் போகும். துளையில் ரப்பர் வளையம் வைத்துக் குழாயின் ஒரு முனையைச் செருகுங்கள். பலகை காருக்குள் பக்கத்து சீட்டில் இருக்கும். மற்ற முனை திறந்தே இருக்கட்டும்.

அப்புறம் ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து, போனில் பலகையை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டிராக் ஸ்ட்ரிப்பில் (பந்தயத்துக்கான நேர் ஓடுதளம்), இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து 5000 சுற்றைத் தாண்டும்வரை போங்கள். ஊர் ரோட்டில் இதைச் செய்ய வேண்டாம். தண்ணீரின் இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் ஃபில்டர் பெட்டி போடும் தடை.

காற்று மண்டலத்தின் அழுத்தம் தண்ணீர்க் கணக்கில் சுமார் 407 அங்குலம். ஆகவே வித்தியாசம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இன்ஜின் கால் சதவீதக் காற்றை இழக்கிறது. 10 அங்குலம் காட்டினால் இரண்டரை சதவீதம். 250 குதிரைத்திறன் இன்ஜினில் அது ஆறு குதிரை. 2 அங்குலம்தான் காட்டுகிறது என்றால், உலகத்திலேயே விலை உயர்ந்த ஃபில்டரை வாங்கி மாட்டினாலும் ஒன்றேகால் குதிரைக்கு மேல் கிடைக்காது. நேராகக் குளிர்காற்றுப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

வித்தியாசம் அதிகம் என்றால், தடுப்பது ஃபில்டரா, அதைச் சுற்றியுள்ள பெட்டியில் காற்று நுழையும் ஒற்றை மூக்குக் குழாயா என்று பார்க்க வேண்டும். பழைய செவர்லே பெட்டியின் மேல்மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டினால் சுற்றிலும் இடைவெளி விழும். காற்று மூக்குக் குழாயை நம்பி இருக்காது. அப்படி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மட்டம் சட்டென்று குறைந்தால் குற்றவாளி மூக்குக் குழாய். குறையாவிட்டால் ஃபில்டர் அழுக்கு, அல்லது அளவில் சிறியது.

ஃபில்டரே இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கார்ப்ரேட்டர் வழியாக நெருப்பு திருப்பி அடித்தால் அதை உள்ளேயே அடக்குவது அந்தப் பெட்டிதான்.

எந்த அளவு ஃபில்டர்

வட்ட ஃபில்டருக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. இன்ஜினின் கன அங்குலத்தை அதிகபட்சச் சுற்றால் பெருக்கி 20,839 ஆல் வகுத்தால், தேவையான வடிகட்டும் பரப்பு சதுர அங்குலத்தில் வரும். நம் 350, 5500 சுற்று: 92 சதுர அங்குலம். ஃபில்டரின் பரப்புக்கு விட்டத்தை 3.14 ஆல் பெருக்கி, உயரத்தில் முக்கால் அங்குலம் கழித்து அதனால் பெருக்குங்கள். மேலும் கீழும் ரப்பர் விளிம்பு அந்த முக்கால் அங்குலத்தை எடுத்துக்கொள்கிறது.

14 அங்குல விட்டம், 3 அங்குல உயரம்: 99 சதுர அங்குலம். போதும். அதே விட்டம், 2 அங்குல உயரம்: 55. போதாது. 10 அங்குலம் விட்டத்தில் 2 அங்குல உயரம்: 39. கடைகளில் முக்கோண வடிவில் குரோம் பூசிய குட்டி ஃபில்டர் ஒன்று தொங்கும். பார்க்க லட்சணமாக இருக்கும். கண்காட்சியில் நிறுத்தும் காருக்கு வாங்கலாம், ஓட்டும் காருக்கு வேண்டாம்.

ஆக, பானெட் இடம் கொடுத்தால் 14-க்கு 3. இதில் காகித ஃபில்டரா, எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரா என்பது ஊர் ஊராக நடக்கும் சண்டை. என் கட்சி இது: பரப்பு போதுமானதாக இருந்தால் இரண்டுக்கும் சக்தியில் உள்ள வித்தியாசத்தைத் தெருவில் உணரவே முடியாது. தூசி அதிகமுள்ள இடத்தில் காகிதம் நல்லது. கழுவித் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பவர்களுக்குப் பருத்தி. பருத்தி ஃபில்டரைக் கழுவும்போது உள்பக்கத்திலிருந்து வெளியே தண்ணீர் விடுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்து உலர்த்தினால் இழை விரிந்து தூசி உள்ளே போகும். தானாகவே காயட்டும். எண்ணெயும் அளவோடு தடவினால் போதும்.

பானெட் இடிக்குமா என்று பார்ப்பது

பெரும்பாலானவர்கள் மறப்பது இதைத்தான். வாங்கி மாட்டி பானெட்டை இறக்கியதும் ‘டங்’ என்று ஒரு சத்தம். மறுநாள் பெயின்டில் ஒரு வீக்கம்.

வாங்குவதற்கு முன் பிள்ளைகள் விளையாடும் களிமண் நாலைந்து உருண்டை எடுத்து, இப்போதுள்ள ஏர் கிளீனர் மூடியின் மேல் முன்னும் பின்னும் பக்கங்களிலும் உயரமாக வையுங்கள். நடுவில் விங் நட்டின் மேலும் ஒன்று. பானெட்டை மெதுவாகக் கையாலேயே இறக்கி, பூட்டும்வரை அழுத்தித் திறங்கள். உருண்டைகள் எவ்வளவு நசுங்காமல் மிஞ்சி நிற்கின்றன என்று ஸ்கேலால் அளந்தால் உங்கள் மிச்ச இடம் தெரியும். அதிலும் அரை அங்குலம் விட்டுவிடுங்கள். மிதிக்கும்போது இன்ஜின் மவுன்ட்டில் புரண்டு ஒரு பக்கம் எழும்பும்.

இடம் குறைவென்றால் அடித்தட்டு பள்ளமாக இறங்கிய மாடல் கிடைக்கும். ஆனால் அது சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு) லிங்கிலும் பெட்ரோல் பைப்பிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுப்பது) இடிக்கலாம். மாட்டியபின் ஆக்சிலேட்டரைக் கையால் முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். எங்கேயும் உரசக் கூடாது.

மாட்டுவது

இன்ஜின் ஆறியிருக்கட்டும். பழைய பெட்டியைத் தூக்குவதற்கு முன் அதில் செருகியிருக்கும் ஹோஸ்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கியதும் முதல் வேலை, கார்ப்ரேட்டர் வாயில் சுத்தமான துணியை அடைப்பது. நாலு வாயும் அகலமாகத் திறந்து கிடக்கும். கையிலிருந்து நழுவும் எதுவும் நேராக வால்வுக்குத்தான் போகும். ஏதாவது விழுந்துவிட்டால் கண்டெடுக்கும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். விங் நட்டுகள் பல துத்தநாகக் கலவையில் வார்த்தவை, காந்தத்தில் ஒட்டாது. நீளமான பிடிகருவி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

நடுவில் நிற்கும் கால் அங்குல ஸ்டட் புது ஃபில்டரின் உயரத்துக்குச் சரியான நீளமா என்று பார்த்து, நீண்டிருந்தால் வெளியே கழற்றி எடுத்து அறுங்கள். கார்ப்ரேட்டரின் மேல் வளையத்தில் புது கேஸ்கெட் வையுங்கள். நாலு வாய்க் கார்ப்ரேட்டர்கள் பலவற்றுக்கும் அந்த வளையம் ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரே அளவுதான். அடித்தட்டு ஆடாமல் உட்கார வேண்டும். ஃபில்டரை வைத்து, மூடியை வைத்து, விங் நட்டை இரண்டு விரலால் முறுக்குங்கள். அவ்வளவுதான். இடுக்கி போட்டு இறுக்கினால் கார்ப்ரேட்டரின் மேல்பகுதி வளைந்து, சோக் தகடு சிக்கி, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. காரணம் தேடி இரண்டு வாரம் அலைவீர்கள்.

ஒரு ஹோஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். வால்வு கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு வரும் மூச்சுக் குழாய். புதுப் பெட்டியில் அதற்கு இடம் இல்லையென்றால் வால்வு கவரில் தனி பிரீதர் ஃபில்டர் போடுங்கள். அடைத்துவிட்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, சீல் எல்லாம் ஆயில் கக்கத் தொடங்கும்.

குளிர்ந்த காற்றுதான் உண்மையான லாபம்

திறந்த வட்ட ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றைத்தான் குடிக்கும். வெளியே 30 டிகிரி இருக்கும் நாளில் ரேடியேட்டரையும் எக்ஸாஸ்டையும் தடவி வந்த காற்று எளிதாக 60-ஐத் தொடும். 30-லிருந்து 60-க்குப் போனால் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. சக்தி அதில் ஏறக்குறைய பாதியளவு, ஐந்து சதவீதம் போல, இறங்கும். 250 குதிரையில் பன்னிரண்டு. மேலே ஃபில்டர் கணக்கில் பத்து அங்குலத் தடைக்கு வந்த ஆறோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய ஃபில்டர் மாட்டி, மூக்குக் குழாயைக் கழற்றி எறிந்து, மொத்தத்தில் சக்தியை இழந்தவர்கள் உண்டு.

கம்பெனிகளுக்கு இது அப்போதே தெரியும். 1965 போன்டியாக் ஜிடிஓவில் ராம் ஏர் வந்தது. 1969 மஸ்டாங் மாக் 1-இல் இன்ஜினோடு சேர்ந்து நடுங்கும் ஷேக்கர் ஸ்கூப். 1970 பிளிமத் ரோட் ரன்னரில் ஸ்விட்சைப் போட்டால் பானெட்டிலிருந்து சுறா வாய் வரைந்த ஏர் கிராபர் எழும்பும். ‘ராம்’ என்ற பெயரைப் பார்த்துக் காற்று முட்டித் தள்ளி உள்ளே போகும் என்று நினைப்பார்கள். மணிக்கு 160 கிலோமீட்டரில்கூட அந்த முட்டல் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலான அழுத்தம்தான் தரும். 100-இல் அரை சதவீதம்கூட இல்லை. லாபம் காற்றின் குளிர்ச்சியில் இருந்து வருவது.

1969 கமாரோவுக்கு என் தேர்வு கவல் இன்டக்‌ஷன் பானெட். இதன் வாய் முன்னால் பார்க்காமல், டிரைவருக்கு முன் உள்ள கண்ணாடியைப் பார்த்துத் திறந்திருக்கும். வண்டி ஓடும்போது கண்ணாடியின் அடியில் காற்று குவிந்து அழுத்தம் கூடும். அங்கிருந்து எடுப்பதால் மழையும் பூச்சியும் குறைவு. புதிதாகச் செய்த பானெட்டுகள் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. முக்கியம், ஏர் கிளீனர் தட்டைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் பானெட்டின் அடியில் முழுவட்டமாக ஒட்ட வேண்டும். ஸ்பாஞ்சின் மேல்விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து பானெட்டை மூடித் திறங்கள். மேலே விழும் வெள்ளைக் கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் சூட்டுக் காற்று நுழைகிறது.

பானெட் மாற்ற மனமோ பணமோ இல்லையென்றால், இரட்டை மூக்குப் பெட்டி ஒன்றை வாங்கி, நாலு அங்குல வளையும் குழாயை ரேடியேட்டருக்கு முன்பக்கம் வரை இழுத்துவிடுங்கள். தோற்றம் சுமார்தான், வேலை நன்றாகச் செய்யும். சோதிக்க, ஒயர் நுனியில் சென்சார் உள்ள மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஃபில்டருக்குள் வைத்து ஹைவேயில் பாருங்கள். வெளிக் காற்றைவிட ஐந்தாறு டிகிரிக்குள் இருந்தால் வேலை வெற்றி.

மிச்சிகன் மாதிரி பனி ஊரில் குளிர்காலத்திலும் ஓட்டுபவராக இருந்தால், பழைய பெட்டியில் எக்ஸாஸ்டிலிருந்து சூடு எடுக்கும் குழாயை எறிந்துவிடாதீர்கள். ஈரக் குளிரில் கார்ப்ரேட்டருக்குள் பனி கட்டி இன்ஜின் திணறும். அதைத் தடுக்கத்தான் அது இருந்தது.

மாற்றிய பிறகு கார்ப்ரேட்டர்

குளிர்ந்த, அடர்ந்த காற்று வந்தால் கார்ப்ரேட்டர் அதற்கு ஈடாகப் பெட்ரோலைத் தானாகக் கூட்டிவிடாது. கலவை கொஞ்சம் ஒல்லியாகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. எக்ஸாஸ்டில், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்து, முழு மிதியில் 12.5-லிருந்து 13 வரை வருகிறதா என்று பாருங்கள். 13.5-ஐத் தாண்டினால், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாக்குங்கள். ஹோலி கார்ப்ரேட்டரில் ஒரு தடவைக்கு ஜெட் அளவு இரண்டு எண் கூட்டுங்கள். எடல்பிராக் கார்ப்ரேட்டரில் ஜெட்டைத் தொடாமல், அதற்குள் நிற்கும் கம்பியான மீட்டரிங் ராடை மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும்.

பலனைப் பார்க்க மறுபடியும் டிராக் ஸ்ட்ரிப். கால் மைலை எத்தனை வினாடியில் கடந்தீர்கள் என்பதைவிட, முடிவுக் கோட்டில் என்ன வேகம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வினாடிக் கணக்கு டயரின் பிடியையும் உங்கள் காலையும் பொறுத்தது. கடைசி வேகம்தான் சக்தியைச் சொல்லும். ஒரே நாளில், அடுத்தடுத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டினால்தான் ஒப்பிட முடியும்.

புது ரக வண்டிகளுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. இப்போதைய மஸ்டாங் ஜிடி போன்றவற்றில் காற்றை அளக்கும் சென்சார் இன்டேக் குழாயிலேயே இருக்கும். குழாயின் விட்டம் மாறினால் கணக்கு தப்பும், கம்ப்யூட்டரை ட்யூன் செய்தாக வேண்டும். ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் சென்சார் கம்பியில் படிந்து வேறு தொல்லை. கலிபோர்னியாவில் 1975 வரையான மாடல்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. அதற்குப் பிந்தியவற்றுக்கு மாநில அனுமதி எண் உள்ள இன்டேக்தான் வாங்க வேண்டும்.

இன்டேக் மேனிஃபோல்டு வரை போகிறவர்களுக்கு

அடுத்த படி மேனிஃபோல்டு, அதாவது கார்ப்ரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் பாகம். தெரு வண்டிக்கு இரட்டை அடுக்கு வகைதான். எடல்பிராக் பெர்ஃபார்மர் ஐட்லிங்கிலிருந்து 5500 சுற்று வரைக்கும், பெர்ஃபார்மர் ஆர்பிஎம் 1500-லிருந்து 6500 வரைக்கும் என்று கம்பெனியே சொல்கிறது. ஒற்றை அடுக்கு வகை மேல் சுற்றில் பறக்கும், சிக்னலில் இருந்து எடுக்கும்போது இழுவை இருக்காது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் பழையதாகவே இருந்தால் ஒற்றை அடுக்கை வாங்கி வருத்தப்பட வேண்டாம்.

வாங்குவதற்கு முன் சிலிண்டர் ஹெட் எது என்று பாருங்கள். பழைய ஹெட்டுக்குப் பன்னிரண்டு போல்ட், 1996-லிருந்து வந்த வோர்டெக் ஹெட்டுக்கு எட்டு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் உட்காராது. கழற்றும்போது கூலன்ட்டை முழுதாக வடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை உருவும் முன் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஃபயர்வாலில் மார்க்கரால் கோடு போடுங்கள். முன்னும் பின்னும் வரும் கார்க் கேஸ்கெட்டை விட்டுவிட்டு, கால் அங்குலத் தடிமனில் சிலிகான் சீலன்ட் வைப்பது நல்லது. கார்க் பிதுங்கி ஆயில் ஒழுகும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், பழைய ஹெட்டில் 30 பவுண்டு-அடி வரை முறுக்குங்கள். வோர்டெக்கில் 11 மட்டுமே. இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் ஆறிய இன்ஜினில் ஒரு முறை சரிபாருங்கள். பெர்ஃபார்மர் ஆர்பிஎம் உயரமானது, கார்ப்ரேட்டரே மேலே எழும்பும். களிமண் உருண்டைச் சோதனையை மறுபடியும் செய்யாமல் பானெட்டை மூடாதீர்கள்.

கழற்றிய பழைய மேனிஃபோல்டையும் மூக்குக் குழாய்ப் பெட்டியையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வார்ப்பு எண் தெரியும்படி துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். அந்த வண்டிக்குக் கம்பெனியில் வந்த பாகம் கூடவே இருந்தால், விற்கும் நாளில் வாங்குபவர் அதற்கென்றே கூடுதல் விலை தருவார்.